ஆற்றை நிமிர்ந்து பார்க்கும் ஊர்: கிழக்கு டோக்கியோவின் தரைமட்டம், ஓர் எளிய அறிமுகம்

டோக்கியோவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் வீடு தேடத் தொடங்கினால் நிஷிகசாய் என்ற பெயர் காதில் விழாமல் போகாது. எடோகாவா வார்டில் இருக்கிறது. வார்டு என்றதும் நம்மூர் மாநகராட்சி வார்டு மாதிரி சின்னது என்று நினைக்க வேண்டாம், இங்கே ஒவ்வொரு வார்டுக்கும் தனி மேயர் உண்டு, எடோகாவாவில் மட்டும் ஏறக்குறைய 7 லட்சம் பேர் வசிக்கிறார்கள். தோசாய் மெட்ரோவில் ஏறினால் நகர மையத்துக்கு நேராகப் போகலாம், இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன, அக்கம்பக்கத்தில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். வாடகை எவ்வளவு, ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிஷ நடை, பூகம்பம் வந்தால் கட்டடம் தாங்குமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். தரை என்ன உயரத்தில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அதைக் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த வார்டின் நிலத்தில் சுமார் 70 சதவீதம், கடல் ஏறி நிற்கும் நேரத்து நீர்மட்டத்தைவிடத் தாழ்வானது.

எடோகாவா மட்டுமல்ல. கோத்தோ, சுமிதா, கத்சுஷிகா, அதாச்சி என்று பக்கத்து வார்டுகளுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். இந்த ஐந்தையும் சேர்த்தால் 26 லட்சம் மக்கள். இவ்வளவு பேர் வாழும் நிலம் ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது, "உயரம்" என்று சொல்லும்போது எங்கிருந்து அளக்கிறார்கள், மழையும் புயலும் வந்தால் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மொத்த அமைப்பு. டோக்கியோவின் மேற்குப் பாதி மேட்டுநிலம். ஷிஞ்சுகு பக்கமெல்லாம் கடல் மட்டத்திலிருந்து 30, 40 மீட்டர் உயரம். ஃபூஜி, ஹகோனே எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து உறைந்த கெட்டியான செம்மண் மேலே இருக்கிறது. இந்த மேடு கிழக்கே வரவரச் சரிந்து முடிவதில்லை, சட்டென்று வெட்டினாற்போல முடிகிறது. அகபானேயிலிருந்து உவேனோ வரை போகும் கெய்ஹின்-தோஹொகு ரயில் பாதை அந்த வெட்டின் அடிவாரத்தை ஒட்டியே ஓடுகிறது. நிப்போரி ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள்: மேற்கு வாசல் யனாகா மேட்டில் கொண்டுபோய் விடும், கிழக்கு வாசல் பள்ளத்து ஊரில் திறக்கும். அங்கிருந்து கிழக்கே சிபா மாநில எல்லை வரை மேடு என்று சொல்ல அநேகமாக எதுவுமே இல்லை. அசகுசா பக்கத்தில் மட்டும் பழைய மணல்திட்டு ஒன்று கொஞ்சம் உயர்ந்து நிற்கிறது.

ஆறேழாயிரம் வருஷங்களுக்கு முன்பு கடல் இன்றைக்கு இருப்பதைவிட உயர்ந்திருந்தது, இந்தப் பள்ளம் முழுக்க வளைகுடாவாக உள்ளே வந்திருந்தது. மேட்டின் விளிம்பில் வாழ்ந்த மனிதர்கள் தின்று போட்ட சிப்பிக் குவியல்கள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. 1877இல் அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ் டோக்கியோவின் தெற்கே ஓமோரியில் கண்டுபிடித்தது அப்படி ஒரு குவியல்தான். அப்புறம் கடல் பின்வாங்கியது, தோனே ஆறும் அராகாவா ஆறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அந்த வளைகுடாவை நிரப்பியது. எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) மக்கள் சதுப்பைத் தூர்த்து, கால்வாய் வெட்டி, ஊராக்கினார்கள். ஆக, காலுக்குக் கீழே பல மீட்டர் ஆழத்துக்கு இளகிய களிமண். சில இடங்களில் பத்து இருபது மீட்டருக்கும் மேல். இந்தக் களிமண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

சரி, உயரம் என்றால் எதிலிருந்து உயரம்? ஜப்பானில் அதிகாரபூர்வமான பூஜ்ஜியம் டோக்கியோ விரிகுடாவின் சராசரிக் கடல் மட்டம். 1873 முதல் 1879 வரை ரெய்கன்ஜிமா என்ற இடத்தில் கடல் ஏறி இறங்குவதை அளந்து அந்தச் சராசரியைக் கண்டார்கள். கடல் நிற்காமல் அசையும், அதில் ஆணி அடிக்க முடியாது, அதனால் 1891இல் நகத்தாச்சோவில், இன்றைய நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில், கெட்டியான மேட்டுநிலத்தில் ஓர் ஆதாரப் புள்ளியை நிறுவி, இதன் உயரம் 24.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டார்கள். 1923 பூகம்பத்துக்குப் பிறகு அது 24.4140 ஆனது, 2011 பூகம்பத்துக்குப் பிறகு 24.3900. நாட்டின் ஆதாரப் புள்ளியே இறங்குகிற தேசம் இது. இந்தக் கணக்குக்கு டி.பி. என்று பெயர்.

ஆனால் ஆற்றங்கரையிலும், வெள்ள எச்சரிக்கைகளிலும், மதகுகளிலும் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஏ.பி. என்ற வேறு கணக்கு. இதன் பூஜ்ஜியம், கடல் நன்றாக வற்றி நிற்கும்போது இருக்கும் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, டி.பி. பூஜ்ஜியத்தைவிட 1.134 மீட்டர் கீழே. புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒரு தெருவின் தரைமட்டம் ஏ.பி.யில் +0.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கூட்டல் குறியைப் பார்த்து, பரவாயில்லை, கடலுக்கு மேலேதான் இருக்கிறோம் என்று நினைக்கத் தோன்றும். டி.பி.க்கு மாற்றினால் அது −0.63, அதாவது சராசரிக் கடல் மட்டத்துக்குக் கீழே. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி டோக்கியோ விரிகுடாவில் கடல் ஏ.பி. +2.1 மீட்டர் வரை ஏறும். புயல் இல்லை, மழை இல்லை, சாதாரண நாள். கரைகள் மட்டும் இல்லாவிட்டால் அந்தத் தெருவில் நிற்பவருக்குக் கண்மட்டம் வரை தண்ணீர் நிற்கும்.

இப்படி, கடல் ஏறும் நேரத்து மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலத்தைத்தான் "பூஜ்ஜிய மீட்டர் பகுதி" என்கிறார்கள். கிழக்கு டோக்கியோவில் இது சுமார் 124 சதுர கிலோமீட்டர். அதற்குள்ளும் சுமார் 31.5 சதுர கிலோமீட்டர், கடல் வற்றி இறங்கிய பிறகும் அதற்குக் கீழேயே இருக்கும் நிலம். ஒரு நாளில் எந்த மணி நேரத்திலும் அங்கிருந்து தண்ணீர் தானாகக் கடலுக்கு வடியாது.

இது இயற்கை கொடுத்த நிலை இல்லை, மனிதர்கள் உண்டாக்கியது. பலருக்கு இது தெரியவே தெரியாது.

1923 பூகம்பத்துக்குப் பிறகு நிலத்தை மறுபடி அளந்தபோது கோத்தோ பகுதி வழக்கத்துக்கு மாறாக இறங்கியிருப்பது தெரிந்தது. பூகம்பம்தான் காரணம் என்று முதலில் பலர் நினைத்தார்கள். ஆனால் பூகம்பம் முடிந்து ஆண்டுகள் போன பிறகும் தரை நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. உண்மைக் காரணம் கிணறுகள். அந்தப் பகுதி ஜப்பானின் தொழிற்சாலைப் பேட்டையாக மாறி, ஒவ்வொரு ஆலையும் ஆழ்துளைக் கிணறு போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஆழத்தில் மணற்படுகைகளில் இருந்த நீரின் அழுத்தம் குறையக் குறைய, மேலும் கீழும் இருந்த களிமண் அடுக்குகளிலிருந்து நீர் கசிந்து வெளியேறியது. நீர் போன களிமண் மேலே இருக்கும் பாரத்தால் நசுங்கியது. நசுங்கிய அளவுக்குத் தரை இறங்கியது. கியோ வதாச்சி என்ற விஞ்ஞானி 1930களின் இறுதியில் ஒசாகாவில் நிலத்தடி நீர்மட்டத்தையும் தரை இறக்கத்தையும் ஒப்பிட்டு இந்தத் தொடர்பைக் காட்டினார். போர்க்காலம் அதற்கு ஒரு கொடுமையான நிரூபணத்தையும் தந்தது: 1945இல் குண்டுவீச்சில் ஆலைகள் எரிந்து பம்புகள் நின்றன, தரை இறங்குவதும் நின்றது. 1950க்குப் பிறகு தொழில் மீண்டெழுந்தது, தரையும் மறுபடி இறங்கத் தொடங்கியது.

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இந்த வட்டாரத்தின் ஆழத்தில் உப்புநீரில் கரைந்த இயற்கை எரிவாயு இருக்கிறது. வாயு வேண்டுமென்றால் நீரையும் சேர்த்து இறைக்க வேண்டும். அப்படி இறைத்ததன் விளைவு நிஷிகசாயிலேயே பதிவாகியிருக்கிறது: 1968இல் ஒரே வருஷத்தில் சுமார் 24 சென்டிமீட்டர் இறங்கியது. கடைசியில் 1972இல் டோக்கியோ அரசு எரிவாயு எடுக்கும் உரிமையையே விலைக்கு வாங்கி நிறுத்தியது. தொழிற்சாலைக் கிணறுகளுக்கு 1956இலும், பெரிய கட்டடங்களின் கிணறுகளுக்கு 1962இலும் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்திருந்தன. எல்லாம் சேர்ந்து 1970களின் நடுவில்தான் இறக்கம் ஏறக்குறைய நின்றது.

அதற்குள் கோத்தோ வார்டின் மினாமிசுனாவில் தரை மொத்தம் சுமார் 4.5 மீட்டர் இறங்கிவிட்டது. மினாமிசுனா மூன்றாம் பகுதியில் இருக்கும் பூங்காவில் ஒரு கம்பம் நிற்கிறது, போனால் அவசியம் பாருங்கள். 1918இல் தரை இருந்த மட்டம், 1917 புயலிலும் 1949 கிட்டி புயலிலும் கடல் ஏறிய மட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் கம்பத்தில் அடையாளம் போட்டிருக்கிறார்கள். கழுத்தை நன்றாக நிமிர்த்தித்தான் 1918இன் தரையைப் பார்க்க முடியும். பக்கத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். எந்தப் பாடப்புத்தகத்தையும்விட எனக்கு இது விளங்கியது அந்தக் கம்பத்தடியில் நின்றபோதுதான்.

நீர் இறைப்பதை நிறுத்தினால் தரை மேலே வந்துவிடாதா என்று கேட்கலாம். வராது. நிலத்தடி நீர் திரும்ப ஏறும், ஏறியும் இருக்கிறது. ஆனால் ஒருமுறை நசுங்கிய களிமண் பழையபடி உப்புவதில்லை, கொஞ்சம் சென்டிமீட்டர்கள் மீண்டால் அதிகம். திரும்ப ஏறிய நீர் வேறொரு தொல்லையைக் கொடுத்தது. நீர்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் கட்டிய உவேனோவின் நிலத்தடி ஷின்கான்சென் (அதிவேக ரயில்) நிலையமும், டோக்கியோ நிலையத்தின் சோபு பாதை நிலத்தடி நடைமேடையும் கீழிருந்து நீர் தூக்க மிதக்கும் அபாயத்துக்கு வந்தன. உவேனோவில் இரும்புப் பாரங்களை ஏற்றி வைத்தார்கள், இரண்டு இடங்களிலும் நிலையத்தை ஆழத்து மண்ணோடு நங்கூரம் போட்டுக் கட்டினார்கள்.

இன்னொரு விஷயம், வரைபடத்தைப் பார்க்கும்போது குழப்பும். கடலுக்குக் கிட்டப் போகப்போகத் தரை தாழும் என்றுதான் எதிர்பார்ப்போம். இங்கே தலைகீழ். கடலோரத்தில் இருக்கும் ரிங்காய்சோ, செய்ஷின்சோ, ஷின்கிபா போன்றவை பிற்காலத்தில் கடலைத் தூர்த்து, நல்ல உயரத்துக்கு மண் போட்டு எழுப்பிய இடங்கள். உள்ளே இருக்கும் பழைய ஊர்கள்தான் இறங்கிப்போயின. அதனால் மொத்த நிலமும் ஒரு கிண்ணம் மாதிரி: விளிம்பு உயரம், நடு பள்ளம். கசாயின் கடற்கரையில் ஒரு காலத்தில் பட்டா நிலங்களே இறங்கி இறங்கிக் கடலுக்குள் போயிருந்தன. உரிமையாளர் கையில் பத்திரம், நிலத்தின் மேல் தண்ணீர். 1972இல் தொடங்கிய தூர்ப்புத் திட்டத்தில்தான் அந்த இடமெல்லாம் மீண்டும் நிலமானது.

கிண்ணத்துக்குள் ஊர் இருக்கிறது என்றால் ஆறுகள்? அவை ஊருக்கு மேலே ஓடுகின்றன. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அராகாவா கரையோரத் தெருக்களில் நடந்தால் ஆறே தெரியாது, புல் போர்த்திய ஒரு நீளமான மேடுதான் தெரியும். படியேறி மேலே போய் நின்றால் ஒரு பக்கம் அகலமான ஆறு, மறுபக்கம் அந்த நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக வீடுகளின் கீழ்த்தளங்கள். அந்த ஆறும் மனிதர் வெட்டியதே. 1910 வெள்ளம் டோக்கியோவை மூழ்கடித்த பிறகு, நகரைச் சுற்றிக்கொண்டு வெள்ளம் கடலுக்குப் போக 22 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு வெள்ள வாய்க்காலைத் தோண்டி 1930இல் முடித்தார்கள். அந்த வேலையின் முக்கியப் பொறியாளர் அகிரா அவோயாமா, பனாமா கால்வாய் வேலையில் பங்கெடுத்த ஒரே ஜப்பானியப் பொறியாளர். வெட்டிய வாய்க்கால்தான் இன்று அராகாவா, பழைய ஆறு சுமிதா.

கோத்தோ வார்டின் உள்ளே இருக்கும் கால்வாய்களின் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. ஒனாகி கால்வாயில் ஓகிபாஷி என்ற இடத்தில் 1976இல் கட்டிய இரட்டை மதகு ஒன்று இருக்கிறது. அதற்கு மேற்கே நீர் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். கிழக்கே நீரை எப்போதும் பம்பு வைத்து ஏ.பி. −1 மீட்டரில் பிடித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் சில சமயம் 3 மீட்டர் வரை போகும். படகு உள்ளே வந்ததும் பின்கதவு மூடும், நீர் ஏறும் அல்லது இறங்கும், முன்கதவு திறக்கும். கரையை இன்னும் உயர்த்திக் கட்டாமல் ஏன் இவ்வளவு சிரமப்பட்டு நீரைத் தாழ்த்தினார்கள்? பூகம்பத்துக்காகத்தான். இளகிய மண்ணில் நிற்கும் உயரமான சுவர் குலுங்கி உடைந்தால், வானம் தெளிந்திருக்கும் நாளிலும் ஊர் மூழ்கும். 1995 கோபே பூகம்பத்தில் ஒசாகாவின் யோதோ ஆற்றுக் கரை ஓரிடத்தில் 3 மீட்டர் வரை அமிழ்ந்தது. உள்ளே நீர் தாழ்வாக இருந்தால் சுவர் உடைந்தாலும் கொட்டுவதற்கு அதிகம் இருக்காது. எனக்கு இந்த ஊரிலேயே மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

மழைநீர் விஷயம் எளிது: தானாக வடியாது, ஒவ்வொரு சொட்டையும் பம்பு ஏற்றித்தான் ஆற்றுக்கோ கடலுக்கோ அனுப்ப வேண்டும். கோத்தோ பக்கம் பல மெட்ரோ வாசல்களில் கீழே இறங்குவதற்கு முன்பு சில படிகள் மேலே ஏற வேண்டியிருக்கும், கவனித்திருப்பீர்கள். தெருவில் தேங்கும் நீர் சுரங்கத்துக்குள் போகாமலிருக்கத்தான் அது.

பெரிய ஆபத்து இரண்டு பக்கத்திலிருந்து வரும். ஒன்று, மேலே எங்கோ ஆறு உடைவது. 1947 செப்டம்பரில் கேத்லீன் புயலின்போது டோக்கியோவுக்கு வடக்கே சைதாமா மாநிலத்தில் தோனே ஆற்றின் கரை உடைந்தது. பழங்காலத்தில் தோனே டோக்கியோ விரிகுடாவில்தான் கலந்தது, எடோ காலத்தில் படிப்படியாகக் கிழக்கே திருப்பி விட்டார்கள். உடைந்த வெள்ளம் தன் பழைய வழியிலேயே தெற்கே நடந்து, சில நாள்கள் கழித்து கத்சுஷிகாவையும் எடோகாவாவையும் வந்து மூழ்கடித்தது. அங்கே அப்போது மழை விட்டு வெயில் அடித்திருந்தது. இன்னொன்று, புயலோடு கடல் ஏறி வருவது. 1917இல் டோக்கியோவில் நடந்தது. 1959இல் இசே வளைகுடாப் புயல் நகோயா வட்டாரத்தைத் தாக்கியபோது நாடு முழுவதும் 5,000 பேர் வரை இறந்தோ காணாமலோ போனார்கள். அங்கேயும் பூஜ்ஜிய மீட்டர் நிலம்தான். டோக்கியோவின் கடற்சுவர்களும் மதகுகளும் அதே அளவு புயல் இங்கே வந்தால் என்ற கணக்கில் கட்டப்பட்டவை.

2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயல் வந்தபோது அராகாவா, இவாபுச்சி மதகில் ஏ.பி. 7.17 மீட்டர் வரை ஏறியது. அங்கே அபாய அளவு 7.70. அரை மீட்டர் சொச்சம் மிச்சம். இப்போது ஏ.பி. கணக்கு தெரிந்துவிட்டதால் அந்த 7.17ஐ, கீழே ஊருக்குள் இருக்கும் 0, 1 என்ற எண்களோடு நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அராகாவாவைக் கடக்கும் கெய்செய் ரயில் பாலம் ஒன்று நிலத்தோடு சேர்ந்து இறங்கியதால், அந்த இடத்தில் கரை இருக்க வேண்டியதைவிட 3.7 மீட்டர் தாழ்வு. அன்று அங்கே மணல் மூட்டை அடுக்கினார்கள். புதிய பாலம் கட்டும் வேலை நடக்கிறது, முடிய இன்னும் பல வருஷங்கள் ஆகும்.

உடைந்தால் என்ன ஆகும் என்பதை அரசு மறைக்கவில்லை. 2018இல் ஐந்து வார்டுகளும் சேர்ந்து வெளியிட்ட வரைபடத்தின்படி, மிக மோசமான நிலையில் 25 லட்சம் பேரின் வீடுகள் நீரில் இருக்கும், சில இடங்களில் ஆழம் 10 மீட்டர் வரை, நீர் இரண்டு வாரங்களுக்கு மேலும் நிற்கலாம். கிண்ணத்தில் புகுந்த நீர் அல்லவா, பம்பு வைத்து இறைத்தால்தான் போகும். 2019 மே மாதம் எடோகாவா வெளியிட்ட வரைபடத்தின் அட்டையில் தன் வார்டின் மீதே "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சிட்டார்கள். மக்களைப் பயமுறுத்துகிறது என்று சிலர் கோபப்பட்டார்கள். என்னைக் கேட்டால், ஓர் உள்ளாட்சி தன் மக்களிடம் இவ்வளவு நேராகப் பேசியது பெரிய விஷயம்.

உங்கள் வீட்டுக்கு இதைப் பார்ப்பது சுலபம். ஜப்பான் நில அளவைத் துறையின் இணைய வரைபடத்தைத் திறந்து உங்கள் தெருவை நடுவில் கொண்டுவந்தால், கீழ்மூலையில் உயரம் தெரியும். அது டி.பி. கணக்கு, கழித்தல் குறி இருந்தால் சராசரிக் கடலுக்குக் கீழே, 1க்குள் இருந்தாலும் பூஜ்ஜிய மீட்டர் பகுதிதான். அடுத்து "கசானெரு ஹசார்டு மேப்" என்ற அரசுத் தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு ஆழம், எத்தனை நாள் என்ற இரண்டும் கிடைக்கும். பலரும் ஆழத்தை மட்டும் பார்த்து, நான் எட்டாம் மாடி, எனக்கென்ன என்று விட்டுவிடுகிறார்கள். எட்டாம் மாடியில் உயிர் தப்பும், சரி. இரண்டு வாரம் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் இல்லாமல், கைக்குழந்தையோடு எப்படி இருப்பீர்கள் என்பதை அந்த இரண்டாவது எண் கேட்கிறது. இன்னொன்று: ஹகிபிஸின்போது ரயில் நிறுவனங்கள் முன்னறிவிப்போடு ரயில்களை நிறுத்தின, இனியும் பெரிய புயலுக்கு நிறுத்துவார்கள். அதனால் மேற்கே மேட்டுநிலத்தில், ஷிஞ்சுகு பக்கமோ அதற்கு அப்பாலோ, தங்கப்போகும் நண்பர் வீட்டையோ ஹோட்டலையோ இப்போதே பேசி வைத்துக்கொண்டு, புயல் வருவதற்கு ஒரு நாள் முன்பாவது, ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.